போனில் அலர்ட் அடித்தால் எதற்கு எழுந்து ஓடுவது, எதை விட்டுவிடுவது?

ஆறாம்மாடி_ரங்கூன்:
எல்லாருக்கும் வணக்கம். ரங்கூனில் ஆறாவது மாடியில் குடியிருக்கிறோம், பிள்ளைகள் இரண்டு. 2025 மார்ச் 28 மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பானையில் கஞ்சி தானாக ஒரு பக்கம் ஏறி வழிந்தது. எனக்குத்தான் தலைசுற்றல் என்று நினைத்து சுவரைப் பிடித்துக்கொண்டேன், எதிர்வீட்டு பர்மிய அம்மா "ஙல்யின், ஙல்யின்" (நிலநடுக்கம்) என்று கத்தின பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து நிலநடுக்க ஆப் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன், அது நடுராத்திரியில் 4.3, 4.6 என்று அடிக்கிறது, தூக்கமே போச்சு. இப்போது வைபரில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது, வரும் அமாவாசைக்குப் பெரிய நடுக்கமும் சுனாமியும் சேர்ந்து வருமாம். அம்மா ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான சிரியத்துக்குத் தெற்கே கடலோரக் கிராமத்தில் தனியாக இருக்கிறார்கள். கூட்டி வந்துவிடவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெகுக்காரன்:
தங்கச்சி, முதலில் அந்தக் குரல் பதிவை அழித்துவிடுங்கள். இன்ன நாளில் நடுக்கம் வரும் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. 2025 ஏப்ரலில் டிக்டாக் ஜோசியர் ஒருவர் 21ஆம் தேதி என்று குறித்துக் கொடுத்து, ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே படுத்தார்களே, ஒன்றும் வரவில்லை.

உங்கள் ஆப் சொல்வது வரப்போகிற நடுக்கத்தை அல்ல, வந்து முடிந்ததை. எண்ணைப் பார்த்தும் பயப்படாதீர்கள். ஒரு எண் கூடினால் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு கூடும். அப்படிக் கணக்குப் போட்டால் மார்ச் 28இன் 7.7, இந்த 4.5 மாதிரி அறுபதாயிரம் சேர்ந்தால்தான் ஆகும். 5க்குக் கீழே அடிக்காதபடி செட்டிங்கில் மாற்றிவிட்டுத் தூங்குங்கள்.

அதற்காக ரங்கூனுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். மார்ச் 28இல் நழுவிய பூமி வெடிப்பான சகாயிங் பிளவு மாண்டலேயோடு நின்றுவிடவில்லை, எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் கடலுக்குள் இறங்குகிறது. 1930 மே 5 அன்று இங்கே ஆடியதில் ஷ்வேமாடோ பகோடாவே சரிந்தது, பெகுவில் சுமார் 500 பேர் போனார்கள், ரங்கூனிலும் சாவு. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் அலர்ட்டை நம்பி உட்காராமல் வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறேன். கட்டில் தலைமாட்டில் இரும்பு பீரோ இருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள். ஆடும்போது ஆறு மாடிப் படியில் ஓடாதீர்கள், மேஜைக்கு அடியில் புகுந்து மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாண்டலே_மருமகன்:
பெகு அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. மாடியில் மேஜை சரி. எங்கள் வீடு கம்பி போடாத பழைய செங்கல் சுவர், தரைத்தளம், வாசலுக்கு நாலு எட்டுதான். அன்றைக்கு மாமியாரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடியதால்தான் இரண்டு பேரும் இருக்கிறோம், உள்ளே மேஜை இருந்த இடத்தில் சுவர் கிடந்தது. அப்படிப்பட்ட வீட்டில் கதவு பக்கத்தில் இருந்தால் வெளியே போவதுதான் சரி. ஆட்டம் நின்றதும் பாய் எடுக்க, நகை எடுக்க என்று யாரும் உள்ளே போகாதீர்கள். பன்னிரண்டே நிமிடத்தில் 6.7 இன்னொன்று வந்தது, பாதி நின்ற சுவர்கள் அதில்தான் விழுந்தன. போனும் வேலை செய்யவில்லை. எங்கே சந்திப்பது என்று வீட்டில் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பியாபோன்_தாத்தா:
மகளே, உன் அம்மா விஷயத்துக்கு நான் சொல்கிறேன். நடுக்கம் எல்லாம் சுனாமி கொண்டுவராது. கடலடித் தரை மேலே கீழே தூக்கி எறியப்பட்டால்தான் தண்ணீர் கிளம்பும். சகாயிங் பிளவு பக்கவாட்டில் உரசுகிறது, அதுவும் பெரும்பகுதி நிலத்தில். 2004 சுனாமியிலும் பர்மாக் கரையில் போனவர்கள் 60 பேர் அளவுக்குத்தான் கணக்கு. மேற்கே அரக்கான் கரை வேறு மாதிரி, அங்கே கடலடித் தரை தூக்கப்படலாம், அதனால் அங்கே இருப்பவர்கள் பூமி நீண்ட நேரம் ஆடினால் எந்தச் செய்திக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஏற வேண்டும்.

உன் அம்மா பயப்பட வேண்டியது புயலுக்கு. 2008 மே 2, நர்கிஸ். ரேடியோவில் காற்று வருகிறது என்று கேட்டோம், சரி, கூரைக்குக் கயிறு கட்டினோம். தண்ணீர் ஆள் உயரத்துக்கு மேல் வரும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இருட்டின பிறகு கொல்லைப்புறத்தில் வாத்துகள் கத்தின, கதவைத் திறந்தால் முழங்கால் அளவு தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அதற்கப்புறம் கூரை மட்டத்துக்கு வர அதிக நேரம் ஆகவில்லை. தென்னையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன், மார்புத்தோல் உரிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. என் தம்பி கையை விட்டுவிட்டான். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 1,38,000 பேர் என்றார்கள்.

புயல் நடுக்கம் மாதிரி இல்லை, நாள் கணக்கில் முன்னால் தெரியும். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர், இந்த மாதங்களில் வானிலைத் துறையின் எச்சரிக்கை நிறத்தை மட்டும் பார். மஞ்சள் என்றால் கடலில் உருவாகியிருக்கிறது. ஆரஞ்சு என்றால் நம் கரையை நோக்கித் திரும்பிவிட்டது, அன்றைக்கே அம்மாவைக் கூட்டி வா. சிவப்புக்குக் காத்திருந்தால் படகு கிடைக்காது. காற்று மணிக்கு எத்தனை மைல் என்று கேட்காதே, தண்ணீர் எத்தனை அடி என்று கேள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் (கடல்நீர் ஏற்றம்) எப்படியும் கூடும், புயல் அந்த நாளில் கரை ஏறினால் அதன் தண்ணீரும் மேலே சேரும்.

ஆறாம்மாடி_ரங்கூன்:
தாத்தா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. பீரோவை நானும் அவருமாக எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட்டோம், அலர்ட்டை 5க்கு மாற்றிவிட்டேன். அம்மாவுக்குப் போன் போட்டேன், ஆடு நாலு இருக்கிறது, விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறார்கள். ஆரஞ்சு வந்தால் ஆடுகளையும் ஏற்றிக்கொள்ள ஒரு வண்டிக்காரரிடம் இப்போதே சொல்லி வைக்கலாமா என்று பார்க்கிறேன். அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தி போடுங்கள்.