எடை விஷயத்தில் இன்னும் மனதை அறுக்கும் ஒரு சம்பவம்: பகிருங்கள்

ஈரோட்டுக்காரி

யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது இது. மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. ஜூன் மாதம் யூனிஃபார்ம் தைக்கக் கூட்டிப்போனேன். டெய்லர் அண்ணன் டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்ததும் பையன் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வைத்துக்கொண்டான். "மூச்சை விடு தம்பி" என்றார். விடவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. கடைசியில் 36 என்று நோட்டில் எழுதினார். அவன் அப்பாவுக்கு 34.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என்னை அறுப்பது வேறு. ஒரு வருஷமாக அவன் பின்கழுத்தில் பட்டை பட்டையாகக் கருப்பு. அழுக்கு என்றே நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பயத்தமாவு போட்டுப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பேன். ஒரு நாள் "எரியுதும்மா" என்று அழுதான். "ஒழுங்கா குளிச்சா நான் ஏன்டா தேய்க்கப்போறேன்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தோல் சிவந்து நீர் கோத்துக்கொண்டதுதான் மிச்சம். கருப்பு அப்படியே இருந்தது.

அப்புறம் காய்ச்சலுக்குப் போன இடத்தில், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைக்கச் சட்டையை இறக்கிய டாக்டர் கழுத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "இது அழுக்கு இல்லம்மா. உடம்பு இன்சுலினுக்குச் சரியா இசையல. அதனால இன்சுலின் கூடுதலாச் சுரக்குது. அதுலதான் தோல் தடிச்சுக் கருக்குது. தேய்ச்சா போகாது" என்றார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

வேன் வாசலில் ஏற்றிக்கொண்டு போய் வாசலிலேயே இறக்குகிறது. பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்கிறார். ஐந்தரைக்கு டியூஷன். சத்து என்று நம்பித் தினம் இரண்டு டம்ளர் மால்ட் பவுடர் கலந்த பால், அதன் மேல் ஒரு ஸ்பூன் சர்க்கரை. 2024 ஏப்ரலில் மத்திய அரசு இந்த மாதிரிப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னதே, அன்றைக்குத்தான் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். ஐந்து வருஷம் ஊற்றிக் கொடுத்த பிறகு.

உங்களுக்கும் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நாமக்கல் ராசு

தங்கச்சி, கழுத்து என்று படித்ததும் எனக்கு என் கழுத்து ஞாபகம் வந்தது. 22 வருஷமாக லாரி ஓட்டுகிறேன். வண்டியில் ஏறும்போது 64 கிலோ, இப்போது 108. நாக்பூர் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். தொப்பூர் கணவாய்க்கு முன்னாடி ஒரு டோல்கேட்டில் வரிசை, விடியக்காலை மூணு மணி. பிரேக்கில் கால் வைத்தபடியே தூங்கிவிட்டேன். டோல் பையன் கதவைத் தட்டித்தான் விழித்தேன். முன்னால் இருந்த வண்டியெல்லாம் எப்போதோ போயிருந்தது, பின்னால் ஒரே ஹாரன். எனக்கு ஒரு சத்தமும் காதில் விழவில்லை.

தொப்பூர் இறக்கம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் பத்து நிமிஷம் கழித்துக் கண் மூடியிருந்தால் வண்டி இறக்கத்தில் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அன்றைக்கு ஓட்டவில்லை. ஓரம் கட்டிவிட்டு கிளீனர் பையனைப் பார்த்தேன். அவன் சொன்னான்: "அண்ணே, நீங்க தூங்கும்போது குறட்டை திடீர்னு நின்னுடும். மூச்சே இருக்காது. நான் உங்க மூக்குக்கிட்ட கை வெச்சுப் பார்ப்பேன்." எத்தனை ராத்திரி வைத்துப் பார்த்தானோ. அவனுக்கு 19 வயது.

ஒரு ராத்திரி முழுக்க ஒயர் மாட்டிப் பரிசோதித்தார்கள். மணிக்கு 48 தடவை மூச்சு தடைபடுகிறது. 30 தாண்டினாலே கடுமை என்றார்கள். கழுத்துச் சுற்றளவு பதினேழரை அங்குலம். உள்ளே சேர்ந்த கொழுப்பு, படுத்தால் மூச்சுக்குழாயை அமுக்குகிறதாம். சரியாகத் தூங்காத உடம்புக்குப் பசியும் கூடும் என்றார் டாக்டர். எனக்கு அது அப்படியே பொருந்துகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு நாலு பரோட்டா, சால்னா. தூக்கம் வராமல் இருக்கச் சர்க்கரை தூக்கலாக டீ, பத்து பன்னிரண்டு தடவை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறோம், லோடு ஏற்றுவதும் இறக்குவதும் இப்போது கூலிக்காரர்களும் மெஷினும்தான்.

இப்போது மூக்கில் மாட்டும் மெஷின் வண்டியிலேயே இருக்கிறது. லாரி ஓட்டுகிறவர் யாராவது இதைப் படித்தால், கூட வருகிற பையனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பொருநை மைந்தன்

என் அண்ணனுக்கு 38 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. குண்டு என்று அவனை ஒருவரும் சொன்னதில்லை. ஐ.சி.யூ. வாசலில் அண்ணி "அவர் ஒல்லிதானே, ஒல்லிதானே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஈரோட்டுச் சகோதரிக்கு ஒரு அண்ணனாகச் சொல்கிறேன். முதலில் வீட்டில் வெள்ளை அரிசியை நிறுத்துங்கள். கம்பு, தினை, வரகு, சாமை என்று நாளுக்கு ஒன்று. வெள்ளைச் சர்க்கரை வேண்டவே வேண்டாம், கருப்பட்டி போடுங்கள். பாக்கெட் எண்ணெயை விட்டுவிட்டுச் செக்கு நல்லெண்ணெய். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிய வேண்டும், அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் மைதானத்தில் ஓட விடுங்கள், நீங்களும் கூடப் போங்கள். செல்போனை வாங்கி வையுங்கள். டி.வி. முன்னால் தட்டு வைக்காதீர்கள். பிறந்தநாளுக்கு கேக் வாங்குவதை விட்டுக் கடலை மிட்டாய், எள்ளுருண்டை கொடுத்துப் பழக்குங்கள். நம் தாத்தா பாட்டி காலத்தில் ஆட்டுரல், அம்மி, கிணற்றில் நீர் இறைப்பது என்று வேலையே உடற்பயிற்சியாக இருந்தது. அதனால் அவனை வீட்டு வேலை செய்ய விடுங்கள், மாவாட்டச் சொல்லுங்கள், மாடி ஏறி இறங்கச் சொல்லுங்கள். எல்லாம் வாயைக் கட்டுவதில்தான் இருக்கிறது. மனம் வைத்தால் ஆறு மாதத்தில் குறைத்துவிடலாம். என் அண்ணன் 9 கிலோ குறைத்துவிட்டான்.

நிலா 87

பொருநை அண்ணா, நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் "எல்லாம் வாயைக் கட்டுவதில்தான்" என்ற வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

எனக்கு மனநலச் சிகிச்சை நடக்கிறது. ஒலான்சபின் என்ற மாத்திரை. அது இல்லாமல் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அது பசியைக் கிளப்பும், எடையைக் கூட்டும். முதலிலேயே சொல்லித்தான் கொடுத்தார்கள். பத்து மாதத்தில் 17 கிலோ. சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போதே மறுபடி பசிக்கும். வயிற்றில் தெரிகிற பசி இல்லை, தலைக்குள் யாரோ உலுக்குவது மாதிரி. சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலின், ஸ்டீராய்டு மாத்திரை, சில வலிப்பு மருந்துகள், இவையும் எடை ஏற்றும். தைராய்டு, பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பைக் கட்டி இருக்கிறவர்கள் கதை தனி.

கும்பகோணத்தில் மாமா மகள் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். இலையில் ஜாங்கிரி வைத்துவிட்டுப் போனார்கள். எதிரே நின்றிருந்த சித்தி குனிந்து, இரண்டு விரலால் அந்த ஜாங்கிரியை என் இலையிலிருந்து எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் இலையில் வைத்தார். "இவளுக்கு வேண்டாம், அக்கறையில சொல்றேன்" என்று பந்திக்கே கேட்கிற மாதிரி. இலையில் பாகு ஒட்டிய வட்டம் மட்டும் மீதி. சாம்பார் வந்து அதை மூடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் நான் மாத்திரையை நிறுத்தினேன். 19 நாள். என்ன ஆனது என்று இங்கே எழுதப்போவதில்லை. இப்போது மறுபடி போடுகிறேன், டாக்டர் மருந்தை மெதுவாக மாற்றிப் பார்க்கிறார். யாரிடமாவது எடையைப் பற்றி வாய் திறக்கும் முன் அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் பேசாமல் இருங்கள், தயவுசெய்து.

பொருநை மைந்தன்

தங்கச்சி, மன்னித்துக்கொள். உன்னை நினைத்து எழுதவில்லை. இருந்தாலும் சிறுதானியம் பொதுவாக எல்லோருக்கும் நல்லதுதானே?

ஊர்ச்செவிலி

நல்லதுதான் ஐயா, நார்ச்சத்து உண்டு. ஆனால் நூறு கிராம் கம்பிலும் நூறு கிராம் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், 350 பக்கம். அரிசி தோசை மூன்று சாப்பிட்டவர் கம்பு தோசை ஆறு சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்து "ஏன் குறையல" என்று கேட்கிறார். கருப்பட்டியும் சர்க்கரைதான். நல்லெண்ணெயோ பாமாயிலோ, ஒரு கிராமுக்கு 9 கலோரி. இதை எங்கள் கிராமத்தில் வாரம் பத்துப் பேரிடம் சொல்கிறேன்.

அரியலூர் பக்கம் வேலை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து வீடு வீடாகப் பிரஷர், சுகர் பார்க்கிறோம். பருமன் என்றால் பணக்கார வீட்டு வியாதி என்று நினைத்துத்தான் நானும் வேலைக்கு வந்தேன். தேசியக் குடும்ப நல ஆய்வில் 2015–16ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேருக்கு எடை அதிகம் அல்லது பருமன். 2019–21ல் அது 40.4. ஆண்கள் 28.2லிருந்து 37. நாலைந்து வருஷத்தில் இவ்வளவு. அதே ஆய்வில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதைத் தினம் பார்க்கிறேன்.

ஒரு அம்மா, 52 வயது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 81 கிலோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான், சுகரும் ஏறியிருந்தது. வழக்கம்போல "சோத்தைக் குறைங்கம்மா, காய், பருப்பு, முட்டை சேர்த்துக்குங்க" என்றேன். அவர் எழுந்து போய் அடுப்படியைத் திறந்து காட்டினார். ஒரு டப்பா ரேஷன் அரிசி, 25 ரூபாய் பாமாயில் பாக்கெட் ஒன்று, கொஞ்சம் மிளகாய்த்தூள், நாலு வெங்காயம். "இதுல எதைக் குறைக்கட்டும், எதைச் சேர்க்கட்டும், நீயே சொல்லு பாப்பா. சின்ன வயசுல சோறில்லாம கிடந்தேன். இப்பதான் வயிறாரத் திங்கிறேன், அதையும் குறைக்கச் சொல்ற."

எனக்குப் பதில் வரவில்லை. மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். ரேஷனைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அரிசி இல்லாத காலத்தை அவர்தான் பார்த்தார், நான் பார்க்கவில்லை. ஆனால் வயிறு நிரம்புகிற சோறு கைக்கு எட்டுகிறது, அதோடு சேர வேண்டிய கீரையும் முட்டையும் எட்டவில்லை. கூலி வேலையும் முன்போல உடம்பை முறிப்பதில்லை. எந்த மனக்கட்டுப்பாட்டை அவரிடம் நான் கேட்பது?

புனே பாலா

பொருநை அண்ணனின் அண்ணன் கதைக்கு இங்கே புனேவிலேயே விளக்கம் இருக்கிறது. நான் லேபில் வேலை செய்வதால் கொஞ்சம் தெரியும். சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற டாக்டர் இந்த ஊர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார். பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5. இவ்வளவு குட்டியாகப் பிறந்தும் நம் குழந்தைகளின் முதுகுத் தோலுக்கு அடியில் கொழுப்பு கிட்டத்தட்ட அவர்கள் அளவுக்கே இருந்தது. குறைவாக இருந்தது தசைதான். 2004ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அவரும் ஒரு பிரிட்டிஷ் டாக்டரும் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2.

அதனால்தான் நமக்கு 23 தாண்டினாலே எடை அதிகம், 25 என்றால் பருமன் என்று இந்திய டாக்டர்கள் கோட்டைக் கீழே இறக்கினார்கள். இடுப்புக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. எடை மெஷினை விட டெய்லர் டேப் நமக்கு அதிகம் சொல்லும். இதைப் பத்து வருஷமாக எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். என் அப்பாவை அளக்கத்தான் தோன்றவில்லை. போன வருஷம் அவர் வேட்டிக்குப் போட்ட பெல்ட்டை எடுத்து வைக்கும்போது பார்த்தேன், கடைசித் துளைக்கு அப்பால் ஆணியால் அவரே இரண்டு துளை போட்டிருந்தார்.

ஈரோட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. ராசு அண்ணா, மெஷினை மறக்காமல் மாட்டுங்கள். நிலா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். பாலா, அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பொருநை அண்ணா, ஓட விடச் சொன்னீர்கள். மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். மற்ற பையன்கள் வந்ததும் என் பின்னால் நின்றுகொண்டான். இப்போது இரவு ஒன்பது மணிக்கு மேல் தெரு காலியான பிறகு நாங்கள் இருவரும் நடக்கிறோம். மால்ட் டப்பா வீட்டில் இல்லை. ரத்தப் பரிசோதனையில் சுகர் இன்னும் எல்லைக்கு உள்ளே இருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

டெய்லர் அண்ணன் பேண்ட் தைத்துக் கொடுத்துவிட்டார். உள்ளே இரண்டு அங்குலம் துணி மடித்து விட்டிருக்கிறார், கூட்டவும் செய்யலாம் குறைக்கவும் செய்யலாம் என்று. கழுத்துக் கருப்பு அப்படியேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு குளிக்கிறான். போன வாரம் தாழ் போடும் முன் தலையை மட்டும் நீட்டிக் கேட்டான், "தேய்க்க வர மாட்டேல்லம்மா?"