தாய்லாந்து விசா: ஐந்து வருடமா, 180 நாளா?

மடிக்கணினி மாடசாமி:
காலையிலிருந்து மூன்று பேர் ஒரே காணொளியை அனுப்பிவிட்டார்கள். "லேப்டாப் இருந்தால் போதும், தாய்லாந்தில் ஐந்து வருடம் குடியிருக்கலாம்" என்கிறார் அந்தத் தம்பி. எரிச்சலாக வருகிறது. அவர் சொல்வது, வெளிநாட்டு வேலையை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டு அங்கே தங்குகிறவர்களுக்காக 2024 ஜூலையில் வந்த டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா). ஐந்து வருடம் என்பது விசா செல்லுபடியாகும் காலம். ஒரு தடவை உள்ளே போனால் 180 நாள்தான். நூற்று எண்பது!

கடல்தாண்டி:
180 முடிந்ததும் வெளியே போய்விட்டு வந்தால் புதிதாக இன்னொரு 180. இப்படியே ஐந்து வருடம். கூட்டல் தெரியாதா அண்ணே? நான் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மடிக்கணினி மாடசாமி:
நானும்தான் மாமனார் வீட்டுக்கு மாதம் தவறாமல் போய் வருகிறேன். வீடு என் பெயரிலா இருக்கிறது? விமான நிலையத்தில் அடிக்கிற முத்திரையைப் பாருங்கள் தம்பி. 180 நாள்.

கடல்தாண்டி:
என் விசாவில் 2029 என்று போட்டிருக்கிறது. 2029!

தேனி ராணி:
ரெண்டு பேரும் காசைப் பற்றி மூச்சு விடவில்லையே? வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். 2024 மதிப்பில் ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். விசாக் கட்டணம் தனி. என் தங்கையிடம் ஒரு ஏஜெண்ட் "நூறு சதவீதம் உறுதி" என்று 40 ஆயிரம் வாங்கிக்கொண்டு, வேறு யாருடைய வங்கி அறிக்கையையோ ஏற்றிவிட்டான். 2025 ஜனவரியிலிருந்து இந்தியாவில் எல்லாம் இணையவழி விண்ணப்பம்தான். நாமே போட்டுவிடலாம்.

மடிக்கணினி மாடசாமி:
அந்த ஏஜெண்டும் ஐந்து வருடம் என்றுதான் சொல்லியிருப்பான்.

பாண்டியன்77:
இதற்கு, இதே மாதிரி லேப்டாப் ஆட்களுக்கு மலேசியா கொடுக்கும் டிஇ ராந்தாவ் அனுமதி எவ்வளவோ மேல். கணினித் துறை ஆட்களுக்கு வருடம் 24,000 டாலர் வருமானம் இருந்தால் போதும். கோலாலம்பூரில் வாழையிலைச் சாப்பாடு, பக்கத்து மேசையில் தமிழ்ப் பேச்சு.

கடல்தாண்டி:
பாங்காக் சீலோமில் மாரியம்மன் கோயிலே இருக்கிறது. அந்தப் பக்கம் வந்து பாருங்கள்.

பாண்டியன்77:
கோயில் இருக்கிறது, சரி. சாம்பார்? நான் அங்கே குடித்தது சர்க்கரைத் தண்ணீர்.

மடிக்கணினி மாடசாமி:
சாம்பார் பேச நான் வரவில்லை. மலேசியாக்காரன் 3 முதல் 12 மாதம், அப்புறம் இன்னொரு 12 மாதம் நீட்டிப்பு என்று நேர்மையாகச் சொல்கிறான். ஐந்து வருடம் என்று பீற்றவில்லை.

கடல்தாண்டி:
தாய்லாந்திலும் குடிவரவு அலுவலகத்தில் 180 நாள் நீட்டிப்பு கேட்கலாம். அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மடிக்கணினி மாடசாமி:
கேட்கலாம். கொடுப்பது அதிகாரி கையில். போர்ச்சுகலின் லேப்டாப் ஆட்கள் விசாவான டி8-க்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் வேண்டும் என்று நான் சொன்னபோது, "மூன்றுதான்" என்று நாலு நாள் மல்லுக்கட்டியவர் நீங்கள். நான் மறக்கவில்லை.

கடல்தாண்டி:
அதை இன்னுமா சுமந்துகொண்டு திரிகிறீர்கள்?

பாண்டியன்77:
வரியை விட்டுவிட்டீர்கள். ஒரு காலண்டர் வருடத்தில் 180 நாள் அங்கே இருந்தால் தாய்லாந்து வரிக் கணக்கில் குடியிருப்பவர் ஆகிவிடுவீர்கள். 2024 முதல் சம்பாதிக்கும் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரிக்கு உட்படும்.

மடிக்கணினி மாடசாமி:
பார்த்தீர்களா, வரிக்காரனும் 180 என்கிறான்!

கடல்தாண்டி:
வரிக்காரனே "குடியிருப்பவர்" என்கிறான் அண்ணே! காணொளித் தம்பியும் அதைத்தானே சொன்னார்?

தேனி ராணி:
சியாங் மாயில் மார்ச் மாதம் வயல் எரிப்பும் காட்டுத்தீயும் சேர்ந்து எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகை மூட்டமாமே. அப்போது எங்கே குடியிருப்பீர்கள்?

கடல்தாண்டி:
தெற்கே கிராபிக்குப் போய்விடுவேன் அக்கா. அதுவும் தாய்லாந்துதான்.

மடிக்கணினி மாடசாமி:
பேச்சை மாற்ற வேண்டாம். கடைசியாக உள்ளே நுழைந்தபோது அடித்த முத்திரையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

கடல்தாண்டி:
விசாப் பக்கத்தைப் போட்டிருக்கிறேன். 2029.

மடிக்கணினி மாடசாமி:
அது விசா. நான் கேட்டது முத்திரை.

கடல்தாண்டி:
முதலில் உங்கள் பாஸ்போர்ட்டைப் போடுங்கள். ஒரு முத்திரையாவது இருக்கிறதா பார்ப்போம்.

மடிக்கணினி மாடசாமி:
என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருக்கிறது. 180 நாள்தான்.