கையால் பூட்டிய முதல் கம்பியூட்டர்: உங்கள் அனுபவம்

மஸ்கெலியாவிலிருந்து:
அம்மாவுக்குச் சீட்டு விழுந்த பணம், 45,000 ரூபாய். கண்டியில் ஒரு கடையில் பழைய ஐ5 நான்காம் தலைமுறை புரொசசரும் எச்81 மதர்போர்டும் எடுத்தேன். மற்றதெல்லாம் அங்கே இங்கே சேர்த்தது. பூட்டி முடிக்க இரவாகிவிட்டது. அம்மா மலையிலிருந்து வந்து, கை ஈரம்கூடக் காயாமல் பெட்டிக்குத் திருநீறு பூசினார். பட்டனை அழுத்தினேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடியும் அதே அரைச் சுற்று. "வேலை செய்யுதாப்பா?" என்றார். "செய்யுதும்மா, இன்னும் சாஃப்ட்வேர் போடல" என்றேன். அவர் தூங்கிய பிறகு புரொசசரைக் கழற்றினால், அது உட்காரும் சாக்கெட்டின் ஓரத்தில் மூன்று பின்கள் வளைந்து கிடந்தன. பின்களைக் காக்கும் பிளாஸ்டிக் மூடி இல்லாமல்தான் போர்டைத் தந்தார்கள், நானும் கேட்கவில்லை. அந்தச் "செய்யுதும்மா" இன்னும் உறுத்துகிறது.

பண்டாரவளையிலிருந்து:
கடையை மட்டும் குறை சொல்ல வேண்டாம் தம்பி. அரைச் சுற்றில் நின்றால் எங்கோ ஷார்ட் ஆகிறது, பவர் சப்ளை தானே கட் பண்ணிக்கொள்கிறது என்று அர்த்தம். போர்டுக்கு அடியில் கூடுதலாக ஒரு பித்தளைத் திருகு இருந்தாலும் இதேதான் நடக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாதபோது, போன் டோர்ச்சில் பூட்டினேன். அந்தத் திருகு கண்ணில் படவில்லை. நள்ளிரவில் கரண்ட் வந்ததும் ஓடிப்போய் அழுத்தினேன். கருகின வாசம்தான் வந்தது. புது போர்டு வாங்கலாம் என்றால், மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டுவிட்டது. ஒரு வருஷம் பெட்டி சும்மா கிடந்தது.

நானுஓயாவிலிருந்து:
எதற்கு இவ்வளவு பாடு? நான் கொழும்பில் ஆபீஸ் கழித்த மெஷின் ஒன்றை வாங்கி, பொடி மெனிக்கே ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். கால் மரத்துப் போனதைத் தவிர ஒரு குறையும் இல்லை.
இனி வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவுப் பெட்டியில் 500 வாட் என்று ஸ்டிக்கர் மட்டும்தான் இருக்கும், உள்ளே அந்தப் பலம் இருக்காது. கையில் கொஞ்சம் காசு மிஞ்சினால் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு எந்தப் புரொசசரும் தவழும். 8 ஜிபி ஒரே ரேமாக எடுப்பதைவிட 4 ஜிபி இரண்டு நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு வழியிலும் டேட்டா ஓடும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏற்காது. அதனால் பழைய மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கள், பிள்ளைகளின் படிப்புக்குத் தாராளமாகப் போதும். அப்புறம் போர்டு வாங்கும்போது சாக்கெட்டைப் போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து:
இவ்வளவு சொன்னீர்கள், எர்த் பற்றி ஒருவரும் பேசவில்லையே! எங்கள் லயத்து வீட்டுப் பிளக்கில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே கிடையாது. தங்கை குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமெந்துத் தரையில் நின்று பெட்டியைத் தொட்டாள். "அண்ணா, கடிக்குது!" என்று கையை உதறினாள். மீட்டர் வைத்துப் பார்த்தால் பெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையே 110 வோல்ட் காட்டியது. பவர் சப்ளை பழுதில்லை. அதன் உள்ளே இருக்கும் ஃபில்டர் கசியவிடும் சிறு கரண்ட் எர்த் வழியாகப் போக வேண்டும். வழி இல்லாவிட்டால் 230இல் பாதி பெட்டியின் இரும்பிலேயே நிற்கும். மின்சார வேலை தெரிந்த அண்ணனைக் கூப்பிட்டு, மண்ணில் கம்பி இறக்கி வயர் இழுத்தோம். இப்போது கடிப்பதில்லை. ஆனாலும் தங்கை இன்றைக்கும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.

மஸ்கெலியாவிலிருந்து:
பண்டாரவளை அண்ணா, கூடுதல் திருகு இல்லை, அன்றைக்கே பார்த்தேன். பின்களை ஊசியால் நிமிர்த்தினேன், மூன்றாம் நாள் ஓடியது. ஒரு ரேம் ஸ்லொட் மட்டும் இன்றுவரை எழும்பவில்லை. எங்கள் பிளக்கிலும் எர்த் வயர் கிடையாது. நாளைக்கே ஆள் கூப்பிடுகிறேன். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் ஈரக்கையோடு திருநீறு பூசுவது அந்த இரும்பில்தான்.