நார்க்கோலில் பிறந்த சொல்: 'பிடைஸன்' எனக்குக் கிடைத்த விதம்

சில வருடங்களுக்கு முன் ஒரு துணிக்கடைக்காகத் தமிழ் விளம்பரங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பொன்னும் முத்தும் பூண்ட மணப்பெண்ணைப் பற்றி ஒரு வரி. அகராதியில் 'அலங்கரி' என்ற பொருளுக்குக் கீழே 'பிடைஸன்' என்றொரு வினைச்சொல் இருந்தது. ஓசை பிடித்துப்போய் அதையே போட்டுவிட்டேன்.

திருத்திப் பார்க்கிற மேடம் அன்று மாலையே போன் செய்தார். "தம்பி, இது பாராட்டு இல்லப்பா. கண்ணைக் கூசுற மாதிரி எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்கிட்டானு அர்த்தம். கல்யாணப் பொண்ணுக்கு வேண்டாம்."

சொல்லை எடுத்துவிட்டேன். ஆனால் மனசு அதை விடவில்லை. இவ்வளவு அழகான ஓசைக்குள் ஏன் இந்த ஏளனம் என்று தேடிப் போனேன்.

முன்னால் இருக்கும் 'பி' வெறும் ஒட்டு. மேலெல்லாம், முழுக்க என்ற அழுத்தம் தருவது. அது சேர்ந்த வடிவம் 17ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அதற்கு முந்தையது 'டைஸன்'. 1530இல் ஜான் பால்ஸ்கிரேவ் என்பவர் ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சு கற்பிக்க எழுதிய நூலில் அது இருக்கிறது. அங்கே நகையும் இல்லை, பட்டும் இல்லை. நூற்பதற்காக ஒரு கோலில் நாரைச் சுற்றி வைப்பதுதான் டைஸன். அந்தக் கோலின் பெயர் டிஸ்டாஃப். அதன் முன்பாதியான 'டிஸ்' என்பதும் நார்க்கற்றைதான், பின்பாதி கோல். டைஸனும் அந்த 'டிஸ்'ஸின் வழி வந்ததே.

இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. கோலின் தலையில் நாரை விசிறிபோல் விரித்துச் சுற்றி, நழுவாமல் இருக்க ரிப்பனால் கட்டுவார்கள். பார்த்தால் உடுத்தி நிற்கிற ஒரு ஆள் மாதிரியே இருக்கும். கோலுக்கு உடுத்தியது மனிதருக்கு உடுத்துவதாக மாறியது அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. ஆங்கிலத்தில் இன்றும் தாய்வழி உறவை 'டிஸ்டாஃப் பக்கம்' என்பார்கள். அந்த அளவுக்கு அது பெண்களின் கைவேலை. அவர்களுடைய தொழிற்சொல்லே கடைசியில் மினுக்கித் திரிபவர்களைக் குத்துகிற சொல்லாகிவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேடத்திடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கம்மா ராட்டை சுத்துவாங்க. பஞ்சைக் கையிலதான் பிடிச்சிருப்பாங்க. அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு மட்டும் கோல் எதுக்கு?" என்று கேட்டார்.

அது பஞ்சு இல்லை மேடம், ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுக்கிற நார் என்றேன். நாம் ஆளி விதை வாங்குகிறோமே, அதே செடி. ஒவ்வொரு இழையும் முழ நீளத்துக்கு மேல் வரும். கையில் கற்றையாகப் பிடித்தால் சிக்கிக்கொள்ளும். அதனால் கோலில் சுற்றி இடுப்பிலோ அக்குளிலோ செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் இழை இழையாக உருவி நூற்பார்கள்.

"அப்போ முதல்ல அது நல்ல வார்த்தைதான்," என்றார்.