ரயிலில் துவக்கோடு இருந்த பெடியன்: சுவிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"ஞாயிறு பின்னேரம் ரயில் நிறைய ஆமி நிற்கிறது, ஏதும் பிரச்சினையா?" புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் கேட்கிற கேள்வி இது. ஒரு பிரச்சினையும் இல்லை. சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்த பெடியள் முகாமுக்குத் திரும்புகிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கும் முதல் தரம் வயிறு கலங்கியது. ஓல்டனில் ஏறிய ஒருவன் துவக்கைக் காலிடுக்கில் நிறுத்திவிட்டு, என் முன்னால் இருந்து சான்ட்விச் சாப்பிட்டான். இறங்கும்வரை நான் நிமிரவே இல்லை. அவனோ என்னைப் பார்த்து "என் குவெட்டே" என்றான். நல்லாய்ச் சாப்பிடுங்கோ என்று வாழ்த்துவது. என் கையிலும் ஒரு பணிஸ் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

நாங்கள் ஊரில் கண்ட ஆமி வேறு. இங்கே முழுநேரச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் மிகக் கொஞ்சம். மற்றவர்கள் வங்கியிலும் பேக்கரியிலும் வேலை செய்கிறவர்கள். முதலில் 18 கிழமை அடிப்படைப் பயிற்சி, பிறகு ஆறு தரம், ஒவ்வொன்றும் மூன்று கிழமை. எல்லாமாகச் சாதாரண சிப்பாய்க்கு 245 நாள். அந்த மூன்று கிழமை மீள்பயிற்சிக்குப் பெயர் 'வேகா'. வேலையிடத்தில் ஒருவர் "அடுத்த மாதம் வேகா" என்றால், சுற்றுலா என்று நினைத்து "நல்லா என்ஜாய் பண்ணுங்கோ" என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அந்த நாட்களுக்குப் பொதுவாகச் சம்பளத்தில் 80 வீதத்தை ஒரு காப்புறுதி கொடுக்கிறது; உங்கள் சம்பளச் சீட்டில் ஆ-ஹா-ஃபவ் (முதியோர் ஓய்வூதியக் காப்புறுதி) கழிவோடு சேர்த்து அதற்கும் ஒரு துளி போகிறது.

2018இல் படையைத் திருத்தி அமைத்தார்கள். மேலே ஒரு படைத்தலைவர். அவருக்குக் கீழே பயிற்சிக்கு ஒரு கட்டளையகம், தளவாடத்துக்கு ஒன்று, 2024இலிருந்து சைபருக்கு, அதாவது கணினி, இணையப் பாதுகாப்புக்கு, ஒன்று. களத்தில் இறங்குகிற பகுதிதான் பெரியது: மூன்று இயந்திரப் படைப்பிரிவுகள், விமானப்படை, சிறப்புப் படை, மிலிட்டரி போலீஸ். இவற்றோடு நான்கு பிராந்தியப் படைகளும் உண்டு. நாட்டையே கன்டோன் (மாநிலம்) வாரியாகப் பங்கு போட்டிருக்கிறார்கள்: ஜெனீவா, பேர்ன் முதலாவதில், சூரிச் நாலாவதில். வெள்ளம், மண்சரிவு என்று கன்டோன் உதவி கேட்டால் வருவது இவர்கள்.

ஒரு வேடிக்கை: சமாதான காலத்தில் இங்கே ஜெனரல் என்ற பதவியே கிடையாது, படைத்தலைவருக்கும் அந்தப் பட்டம் இல்லை. ஆபத்து வந்தால் பாராளுமன்றம் கூடித் தெரிவு செய்யும். கடைசியாக அப்படித் தெரிவானவர் ஹென்றி கிசான், 1939இல். எத்தனையோ ஊர்களில் அவர் பெயரில் தெரு இருக்கிறது.

ஒரு அக்கா கேட்டிருந்தார்: "தம்பி, எனக்கும் மகனுக்கும் பி பெர்மிட். அவனையும் கூப்பிடுவார்களா?"

இல்லை அக்கா. பி, சி பெர்மிட் (வெளிநாட்டவருக்கான வதிவிட அனுமதி) இருப்பவர்களுக்கு இந்தக் கடமை கிடையாது. சுவிஸ் குடியுரிமை எடுத்த ஆண்களுக்குத்தான். பெண்கள் விரும்பினால் சேரலாம். மகன் 18 வயதுக்கு முன் பாஸ்போர்ட் எடுத்தால் கடிதம் வரும். அதை மேசை லாச்சிக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள். துவக்குத் தூக்க மனச்சாட்சி இடம் தராவிட்டால் சிவில் சேவைக்கு, அதாவது ஆமிக்குப் பதிலாகச் செய்யும் பொதுநல வேலைக்கு, விண்ணப்பிக்கலாம், ஆனால் நாட்கள் ஒன்றரை மடங்கு.

முப்பது வயதில் குடியுரிமை எடுக்கிற ஆண்கள் இதையும் கணக்கில் வையுங்கள். பயிற்சிக்குக் கூப்பிட மாட்டார்கள், ஆனால் ஆமிக்குப் போகாததற்கு வரி என்று பில் வரும். வரிக்குரிய வருமானத்தில் 3 வீதம், குறைந்தது வருஷத்துக்கு 400 பிராங்க், 37 வயதுவரை. என் நண்பன் பாஸ்போர்ட் எடுத்த சந்தோஷத்தில் பார்ட்டி வைத்தான். பில் வந்த பிறகு பார்ட்டிச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தான்.

அப்புறம் நிலவறை. உங்கள் கட்டடத்துக்குக் கீழே தடித்த கொங்கிரீட் கதவு போட்ட அறை இருந்தால் அது பங்கர்தான். ஆமியுடையது அல்ல, சனங்களுக்கானது. எங்கள் ஆட்கள் அதில் அரிசி மூட்டை அடுக்கியிருப்பார்கள்.

சைரனும் ஆமியுடையது அல்ல. பெப்ரவரி முதல் புதன்கிழமை, பிற்பகல் 1.30க்கு நாடு முழுக்க ஊதிப் பார்ப்பார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து நின்றால் காலையிலேயே சொல்லி வையுங்கள். என் அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. வேலையால் வந்து பார்த்தால் மேசைக்கடியில் இருந்தார்.