ஓபரா பாடகி மரியா காலாஸ் பற்றிய நாடகம் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கதை முழுவதையும் பாட்டாகவே பாடி நடிக்கும் மேற்கத்திய ஓபராவைக் கேட்டு வளர்ந்தவன் இல்லை நான். 2012-இல் லண்டனில் கூட வேலை பார்த்த ஓர் அம்மா, தனக்குப் போக முடியவில்லை என்று டிக்கெட்டை என்னிடம் கொடுத்தார். வாட்வில் தியேட்டர், டெரன்ஸ் மெக்னாலி எழுதிய 'மாஸ்டர் கிளாஸ்'. காலாஸாக நடித்தவர் டைன் டேலி. 1971-72-இல் நியூயார்க் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் காலாஸ் நடத்திய வகுப்புகளை வைத்து எழுதிய நாடகம்.

டேலி காலாஸாக நடந்து வந்தபோது அரங்க விளக்குகள் அணையவே இல்லை. கைதட்டினோம். வேண்டாம், வேலை செய்ய வந்திருக்கிறோம் என்று நிறுத்திவிட்டார். பார்க்க வந்த நாங்களும் வகுப்பில் ஒரு பகுதி என்று அப்போதுதான் புரிந்தது. என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் மாணவி பெல்லினியின் 'லா சொன்னாம்புலா' ஓபராவிலிருந்து பாட வருகிறாள். "ஓ" என்கிறாள். அவ்வளவுதான், அதற்குள் நிறுத்தச் சொல்கிறார். காதலன் கைவிட்ட பெண் தூக்கத்தில் நடந்தபடி பாடும் இடம் அது. அவளுடைய துக்கம் முழுக்க அந்த ஓரெழுத்தில் வந்தாக வேண்டும். சின்ன வயதில் எங்கள் பாட்டு வாத்தியார் 'ஸா'விலேயே அரைமணி நேரம் நிற்க வைப்பார். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம், மாணவி பாட வேண்டிய இடத்தில் உண்மையான காலாஸின் பழைய ஒலிப்பதிவு எழுகிறது. மேடை இத்தாலியில் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்காக மாறுகிறது. 1955-இல் அங்கே விஸ்கோந்தி இயக்கி காலாஸ் பாடிய சொன்னாம்புலாவின் கடைசிப் பாட்டுக்கு அரங்க விளக்குகளையே ஏற்றினார்கள். டேலி அந்தக் குரலோடு சேர்ந்து பாட முயலவில்லை. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நிற்கிறவராக நின்றார். வேறொருவர் காலாஸைப் போலப் பாடிக் காட்டியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன்.

வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி

அண்ணா, நானும் பார்த்தேன், அழுதேன். ஆனாலும் ஒரு மனக்குறை உண்டு. நாடகத்தில் காலாஸ் பிள்ளைகளைக் குதறி எடுக்கிறார். 'மேக்பத்' ஓபராவில் மேக்பத் சீமாட்டி கடிதம் படிக்கும் காட்சியைப் பாட வரும் பெண் கடைசியில் கொதித்துப்போய் வெளியேறுகிறாள். ஜூலியார்ட் வகுப்புகளின் அசல் பதிவு வெளிவந்திருக்கிறது, அவசியம் கேளுங்கள். அதில் இருப்பவர் பொறுமையான டீச்சர். தப்பைச் சொல்கிறார், ஆளைப் புண்படுத்துவதில்லை.

'ரிகலெட்டோ' ஓபராவில் மகளைப் பறிகொடுத்த தகப்பன் அரசவைக்காரர்களிடம் சீறி, பிறகு கெஞ்சுகிற பாட்டு ஒன்று உண்டு. ஆண்குரலுக்கு எழுதியது. அந்தப் பதிவில் அதைச் சொல்லிக்கொடுக்கும்போது காலாஸே பாடிக் காட்டுகிறார். குரல் தேய்ந்திருக்கிறது, ஆனால் பாடுவது அந்தத் தகப்பன்தான். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன், குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன். நாடகத்துக்கு மோதல் வேண்டும், சரி. அதற்காக இந்த மனுஷியை மறந்துவிடக் கூடாது.

மறுமொழி

நான் கிரீஸில் பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை செய்கிறேன். 2021 செப்டம்பரில் ஏதென்ஸில், அக்ரோபோலிஸ் அடிவாரத்து ஹெரோடஸ் அட்டிகஸ் அரங்கில், காலாஸின் கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் இத்தாலிய நடிகை மோனிகா பெலூச்சி மேடையேற்றினார். டாம் வோல்ஃப் இயக்கம். பெலூச்சி உடுத்தியிருந்தது காலாஸின் சொந்த உடை.

பளிங்குப் படிகள் தேயும் என்பதால் அங்கே குதிகால் செருப்புக்கு அனுமதி கிடையாது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பாட்டி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, கோயில் படி ஏறுவதுபோல் ஒவ்வொரு படியாக ஏறினார். ஜெர்மானியர் பிடியில் நகரம் இருந்த 1944-இல், 20 வயது காலாஸ் 'ஃபிடேலியோ' ஓபராவில் பாடியது இதே மேடையில்தான். உலகப் புகழோடு திரும்பிவந்து 1957-இல் பாடியதும் இங்கேதான்.

1977-இல் பாரிஸில் இறந்தவரின் அஸ்தியை இரண்டு வருஷம் கழித்து ஏஜியன் கடலில் கரைத்தார்கள். என் ஆபீஸ் ஜன்னலில் தெரிவது அந்தக் கடல்தான்.