மே 5 மாநாட்டுக்கு அப்பா போறாரு, கூட்டத்துல போன் லைனே கிடைக்காது, என்ன பண்ணலாம்?

தண்டையார்பேட்டை மளிகைக்கடை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைல சின்னதா மளிகைக் கடை வச்சிருக்கோம். அப்பாக்கு 63 வயசு, சுகர் இருக்கு, காலைலயும் ராத்திரியும் மாத்திரை. வருஷா வருஷம் மே 5 வணிகர் தினத்துக்கு கடைய மூடிட்டு எங்க ஏரியா சங்கத்து ஆளுங்களோட பஸ்ல மாநாட்டுக்கு போயிடுவாரு, எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஒரு வருஷம் கூட விட்டதில்ல.

போன தடவ செங்கல்பட்டு பக்கம் போயிருந்தாரு. மதியம் ரெண்டு மணிக்கு அம்மா போன் போட்டாங்க, போகல. மூணு மணிக்கு போட்டாங்க, போகல, அப்புறம் நான் போட்டேன், தம்பி போட்டான், "தொடர்பு எல்லைக்கு வெளியே" னு அந்த குரல் மட்டும் திரும்பத் திரும்ப வருது. ஆறு மணிக்கு மேல அம்மா வாசப்படில உக்காந்தவங்க எழுந்திரிக்கவே இல்ல. ராத்திரி பதினொன்னே காலுக்கு ஆட்டோல வந்து இறங்குறாரு, கை ரெண்டும் நடுங்குது, மதியத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல. பாத்ரூம் போக பந்தல விட்டு வெளிய வந்திருக்காரு, திரும்பி வந்தா எந்தப் பக்கம்னு தெரியல, பஸ்ஸு எங்க நிக்குதுன்னும் தெரியல. பஸ்ல தல எண்ணும்போது தப்பா எண்ணிட்டு கிளம்பிட்டாங்க. மெயின் ரோடு வரைக்கும் நடந்து, ஷேர் ஆட்டோ புடிச்சு, செங்கல்பட்டுல ட்ரெயின் ஏறி பீச் ஸ்டேஷன்ல இறங்கி வந்திருக்காரு.

அவர் போன வாங்கிப் பாத்தேன், எங்களுக்கு முப்பது தடவைக்கு மேல போட்டிருக்காரு, ஒண்ணு கூட எங்களுக்கு வரல. சிக்னல் நாலு கோடும் ஃபுல்லா தான் இருந்துச்சும்மான்றாரு. ஃபுல் சிக்னல் இருந்தா எப்படி லைன் போகாம இருக்கும்? அவரு வச்சிருக்கது பட்டன் போன். டச் போன் வாங்கிக் குடுத்து வாட்ஸ்அப்ல லைவ் லொக்கேஷன் போட வச்சா சரியாகுமா? போகாதீங்கன்னு என்னால சொல்ல முடியாது, அது அவருக்கு திருவிழா மாதிரி.

வியாசர்பாடி டவர்:

தங்கச்சி, நான் பத்து வருஷம் செல்போன் டவர் மெயின்டனன்ஸ்ல வேலை பாத்தவன். உங்க அப்பா சொன்னது சரி, அவர் போன்ல தப்பு இல்ல. மாநாட்டு மேடைல ஒருத்தர் மைக்ல பேசுறாரு, கடைசி வரிசைல இருக்கவனுக்கும் கணீர்னு கேக்குது, அதான் அந்த நாலு கோடு. டவர் பேசுறது உங்க போனுக்கு நல்லா கேக்குதுன்னு தான் அதுக்கு அர்த்தம். ஆனா கூட்டத்துல இருந்து ஆயிரம் பேரு ஒரே நேரத்துல மேடைய பாத்து கத்துனா எவன் சொல்றது மேடைக்கு புரியும்? ஒரு டவர் ஒரே நேரத்துல இத்தன பேருக்கு தான் வழி விடும்னு கணக்கு இருக்கு, சாதாரண நாள்ல வயக்காட்டுக்கும் நாலு தெருவுக்கும் போட்ட டவர் அது, அங்க போயி ஒரே நாள்ல ஊரே நிக்குது. பெரிய கூட்டம்னா சில சமயம் வண்டில வச்ச டவர கொண்டு வந்து நிறுத்துவாங்க, அதுவும் ஓரளவுக்கு தான். லைன் கிடைக்கலனு எல்லாரும் உடனே உடனே ரீடயல் அமுக்குறாங்க பாருங்க, அது நெரிசல இன்னும் கூட்டும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ நம்ம பக்கம் போன் செத்துச்சே, அது வேற. அப்போ கரண்ட் போயி, தண்ணி நின்னு, டவரே படுத்துருச்சு. இங்க டவர் உயிரோட தான் இருக்கு, வாசல்ல தான் கூட்டம். அதனால குட்டியா எதாவது அனுப்புனா உள்ள நுழைஞ்சிரும், அதுக்கு தான் எஸ்எம்எஸ். மேடைக்கு துண்டுச் சீட்டு கை மாத்தி அனுப்புற மாதிரி, கம்பெனி சர்வர்ல போயி உக்காந்துக்கும், உங்க போன் கிடைக்கலனா கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தள்ளும். கால் அப்படி இல்ல, அந்த நிமிஷம் கிடைச்சா தான் உண்டு.

லைவ் லொக்கேஷனுக்காக டச் போன் இப்ப வாங்காதீங்க. அதுக்கு நெட் வேணும், கூட்டத்துல மொத படுக்குறதே நெட்டு தான். பட்டன் போன்ல சார்ஜாவது ரெண்டு நாள் நிக்கும். அப்பா சிம் பேக்ல எஸ்எம்எஸ் இருக்கான்னு மட்டும் இன்னிக்கே பாருங்க, சில சின்ன ரீசார்ஜ்ல அது இருக்காது.

காசிமேடு போட்டு வீடு:

எங்க வூட்டுக்காரரு போட்ல கடலுக்கு போறவரு, போனா பத்து நாள் ஆவும். கொஞ்ச தூரம் வரைக்கும் தான் செல்லுக்கு சிக்னல் கீது, அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது, போட்ல கீற வயர்லெஸ் தான். இப்ப தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் போட்டு போவாது, அதான் அவரு பக்கத்துலயே உக்காந்து சொல்ல சொல்ல நான் டைப் பண்றேன்.

கல்யாணம் ஆன புதுசுல நானும் உங்க அம்மா மாரி தான்மா, போன கைல வச்சினு ராத்திரி பூரா உக்காந்துனு இருப்பேன். என் மாமியார் தான் சொன்னாங்க, போன் வரலியேன்னு நாள் பூரா பயப்படாத, எப்ப வரும்னு கேட்டு வச்சிக்கோன்னு. அதுலேந்து அவரு கெளம்பும்போதே இந்த நாள் இந்த நேரம் கரைக்கு கிட்ட வருவேன், அப்ப பேசுவேன்னு சொல்லிட்டு தான் போவாரு. நடுவுல போன் வரலன்னா நான் கலங்க மாட்டேன், சொன்ன நேரம் தாண்டி ரெண்டு மணி நேரம் ஆனா யாருக்கு போன் பண்ணணும்னும் எழுதி வச்சிகீறேன். கூடப் போற இன்னும் ரெண்டு போட்டு ஓனர் நம்பர் எங்கிட்ட கீது.

உங்க அப்பாவுக்கும் நேரம் வச்சிடு. பன்னெண்டு, நாலு, ஏழு. அந்த நேரத்துக்கு அவரு பந்தல வுட்டு ஓரமா நடந்து வந்து அனுப்பணும். அவரோட பஸ்ல போறவங்கள்ல ரெண்டு பேரு நம்பர் வாங்கி வை, ரெண்டு பேரும் வேற வேற கம்பெனி சிம்மா இருக்கட்டும். இன்னொண்ணு, உங்க அம்மாவையும் அந்த நேரத்துக்கு மட்டும் போன பாக்க சொல்லு. நாலு மணிக்கு தான் வரும்னு தெரிஞ்சா மூணு மணிக்கு மனசு கொஞ்சம் அடங்கி இருக்கும்.

ராயபுரம் அக்கா:

காசிமேடு அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. 2024 அக்டோபர் 6 மெரினால ஏர் ஷோ நடந்துச்சே, நானும் என் தங்கச்சி குடும்பமும் போயிருந்தோம். முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல திரும்புனாங்க, தங்கச்சி பையன் கைய விட்டுட்டான், 14 வயசு, கைல போன் இருக்கு, ஆனா லைன் இல்ல. காணாம போனா எங்க வந்து நிக்கணும்னு நாங்க பேசி வைக்கவே இல்ல, அது எங்க தப்பு. ரெண்டரை மணி நேரம் கழிச்சு அவனே சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் நடந்து போயி அங்கேந்து போன் பண்ணான். அன்னிக்கு அந்த வெயில்ல சில பேருக்கு உயிரே போச்சு, அத நியூஸ்ல பாத்ததும் எனக்கு கை கால் ஓடல.

அதனால மொதல்ல இடம் பேசுங்க. மெயின் கேட்டுன்னு வைக்காதீங்க, எல்லாரும் அங்க தான் நிப்பாங்க. அப்பாவோட பஸ்ஸையே இடமா வைங்க. ஆனா அங்க நூறு பஸ்ஸும் ஒரே கொடி ஒரே பேனரா நிக்கும், அதனால நம்ம பஸ் கண்ணாடில ஒரு மஞ்ச துணி கட்டச் சொல்லுங்க, பஸ் நம்பர பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வைங்க.

சுகர் விஷயத்துல ஒண்ணு, எங்க மாமனாருக்கும் இருக்கு. சில சுகர் மாத்திரை போட்டுட்டு சாப்பாடு தள்ளிப் போனா சுகர் ரொம்ப இறங்கிடலாம், வேர்க்கும், நடுங்கும், குழம்பிப் போயிடுவாங்க. கத்திரி வெயில் வேற ஆரம்பிச்சிருக்கும், பாக்குறவங்க வெயில்ல வேர்க்குதுன்னு விட்டுருவாங்க. போன வருஷம் அப்பாக்கு வழி தெரியாம போனதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். குளுக்கோஸ் பாக்கெட், பிஸ்கட், தண்ணி அவர் பைல கண்டிப்பா இருக்கணும். சுகர் இருக்கு, இந்த மாத்திரை, வீட்டு நம்பர் இதுன்னு ஒரு சீட்டு எழுதி பிளாஸ்டிக் கவர்ல போட்டு சட்டைப் பைல வைங்க, சும்மா வச்சா வேர்வைல அழிஞ்சிடும். 108ல வர்றவங்களுக்கும் அது உதவும்.

தண்டையார்பேட்டை மளிகைக்கடை பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சிட்டு அம்மா அழுதுட்டாங்க. சுகர் இறங்கியிருக்கலாம்ன்றது எங்களுக்கு தோணவே இல்ல, டாக்டர் கிட்ட கேக்கப் போறோம். பேக் பாத்தேன் அண்ணா, அதுல எஸ்எம்எஸ் இல்ல, மாத்திட்டேன். ஆனா அப்பாக்கு மெசேஜ் டைப் பண்ண வராது, தமிழ்ல சுத்தமா முடியல. என்ன பண்றது?

வியாசர்பாடி டவர்:

டைப்பே பண்ண வேணாம்மா. 1 னு அனுப்புனா நல்லா இருக்கேன், சாப்பிட்டேன். 2 னா பஸ் ஏறிட்டேன். 3 னா வழி தெரியல, சங்கத்து ஆளுக்கு சொல்லுங்க. ஒத்த எழுத்து போதும். தமிழ்ல அடிச்சா ஒரு எஸ்எம்எஸ்க்கு 70 எழுத்து தான், இங்கிலீஷ்ல 160, நீளமா போனா துண்டு துண்டா பிரிஞ்சி ஒரு துண்டு லேட்டா வரும், அதனாலயும் நம்பரே நல்லது. இன்னிலேந்து தினம் கடைல இருந்து வீட்டுக்கு ஒரு தடவ அனுப்பச் சொல்லி பழக்குங்க, அன்னிக்கு விரல் தானா போகும்.

போகலைன்னா அங்கயே நின்னு அமுக்காம மைதானத்தோட இன்னொரு பக்கம் நடக்கச் சொல்லுங்க. ஒரு டவர்ல பொதுவா மூணு பக்கம் பாத்து ஆன்டெனா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வழி, மேடைப் பக்கம் அடைச்சிருந்தாலும் பின்பக்கம் காலியா இருக்கலாம். அப்புறம் கூட்டம் முடியுற நேரம் தான் ரொம்ப மோசம், எல்லாரும் அப்பதான் போன எடுப்பாங்க. கடைசி ஆள் பேச ஆரம்பிக்கும்போதே எழுந்து பஸ்ஸுக்கு வந்துரணும்.

தண்டையார்பேட்டை மளிகைக்கடை பொண்ணு:

நேத்து ராத்திரி ஒம்பதரைக்கு வந்துட்டாரு. காலைல அகஸ்தியா ஸ்டாப்புல பஸ் ஏறும்போது நானே போயி மஞ்ச துணி கட்டிட்டு வந்தேன், சங்கத்து பெரியவர் ஒருத்தர் நம்பரும் டிரைவர் அண்ணா நம்பரும் வாங்கிக்கிட்டேன். பன்னெண்டு மணிக்கு 1 வந்துச்சு. நாலு மணிக்கு வர வேண்டியது வரல, அம்மா எழுந்து எழுந்து வாசலுக்கு போனாங்க, நான் ஆறு வரைக்கும் பாப்போம்மான்னு புடிச்சு உக்கார வச்சேன், 4:50க்கு வந்துச்சு. அப்பா நாலு மணிக்கே அனுப்பிட்டாராம், நடுவுல எங்கயோ நின்னு வந்திருக்கு. ஏழு மணிக்கு முன்னாடியே 2 வந்துருச்சு. குளுக்கோஸ் பாக்கெட்ட பக்கத்து சீட்டு ஆளுக்கு குடுத்துட்டாராம், அவருக்கு மயக்கம் வந்துச்சுன்னு. அடுத்த தடவ ரெண்டா வச்சு அனுப்பணும்.